வேலை முடிந்த பிறகு என்ன செய்வது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு வரும் தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கம் வந்து தங்கும் தன்னார்வலர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, முதல் நாள் பஸ் ஏற்றிவிடுவது, ஊர்ப் பெரியவர்களிடம் அறிமுகப்படுத்துவது எல்லாம் என் தலையில் விழுந்த வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் மலேசியா, இலங்கை, கனடா, பிரிட்டன் என்று பல தேசங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். மாலை வகுப்பு, மருத்துவமனை உதவி, இயற்கை விவசாயம் என்று வேலை எதுவாக இருந்தாலும் அதை அந்தந்த அமைப்பே விளக்கிவிடும். மிச்சப் பொழுதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்கின்றன. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

சாயங்காலம் ஆனால் அங்கே பொழுது போகுமா?

போகும். ஆனால் நீங்கள் பழகிய விதத்தில் போகாது.

ஓசூரில் தங்கினால் கதை வேறு. ஜிம், மால், சினிமா எல்லாம் இருக்கின்றன. பெங்களூரு 40 கிலோமீட்டர். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் மாவட்டத் தலைநகரங்கள்தான், ஆனாலும் இரவு ஒன்பதரை, பத்துக்கெல்லாம் கடைத்தெரு அடங்கிவிடும். (1965 இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004 இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பெரியவர்கள் பேச்சில் இன்னும் இரண்டும் ஒரே மாவட்டம்தான். இந்தப் பக்கத்திலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.)

கிராமத்தில் என்றால் மாலையில் மூன்று இடங்களில் ஆள் நடமாட்டம் இருக்கும்: டீக்கடை, கோயில் திண்ணை, மைதானம். மைதானம் என்று தனியாக ஒன்று இருக்கும் என்று எண்ண வேண்டாம். அரசுப் பள்ளி வளாகமாக இருக்கலாம், தண்ணீர் வற்றிய ஏரியாக இருக்கலாம், அறுவடை முடிந்த யாரோ ஒருவருடைய கொல்லையாகவும் (இங்கே விவசாய நிலத்தைக் கொல்லை என்பார்கள்) இருக்கலாம். நாலரை, ஐந்துக்குப் பையன்கள் கூடுவார்கள். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆட்டம் நடக்கும். நான் பார்த்தவரை, அந்த இரண்டு மணி நேரத்தில் அங்கே போய் நின்றவர்களுக்குத்தான் ஊரில் ஆள் கிடைத்தார்கள். அறைக்குள் உட்கார்ந்து போன் பார்த்தவர்களை ஊருக்குப் பேர்கூடத் தெரியாது. "அந்த ஆபீஸ்ல இருக்கற வெளிநாட்டுக்காரர்" என்பதோடு சரி.

எந்த விளையாட்டு அதிகம் ஆடுகிறார்கள்?

கபடி, வாலிபால், டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஆடும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் கிரிக்கெட்தான் முதலில். ஊரே திரண்டு வந்து பார்ப்பது கபடியை.

கிரிக்கெட்டுக்குச் சட்டங்கள் மைதானத்துக்கு மைதானம் மாறும். சுவரைத் தாண்டினால் அவுட், முள்ளுக்காட்டுக்குள் அடித்தால் அடித்தவரே போய் எடுக்க வேண்டும், ஆள் குறைந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் ரன். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த டி. நடராஜன் 2020 டிசம்பரில் இந்திய அணியில் இறங்கினார். அதிலிருந்து இங்கே யார்க்கர் போட்டுப் பார்க்காத பையன் கிடையாது. பத்தில் எட்டு ஃபுல்டாஸாகத்தான் வரும், அது வேறு விஷயம்.

வாலிபால் வெளியூர்க்காரருக்கு மிகவும் தோதான ஆட்டம். பக்கத்துக்கு ஆறு பேர் வேண்டும், ஆறு பேர் எப்போதும் சேர மாட்டார்கள், அதனால் யார் வந்தாலும் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். இலங்கையின் தேசிய விளையாட்டே அதுதானே? யாழ்ப்பாணத்தில் கரப்பந்து ஆடிவிட்டு வந்த பிள்ளைகள் இங்கே முதல் வாரத்திலேயே நிரந்தர ஆட்டக்காரர் ஆகிவிடுகிறார்கள். உயரமானவர் என்றால் கேட்கவே வேண்டாம், வலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள்.

கபடி சீசன் என்றால் மின்னொளிப் போட்டிதான். பொங்கலை ஒட்டியும் ஊர்த் திருவிழாக்களை ஒட்டியும் சாலையோரம் பிளெக்ஸ் வைப்பார்கள்: முதல் பரிசு இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, 65 கிலோ எடைப் பிரிவு என்று. ஆட்டம் இரவு ஒன்பதுக்குத் தொடங்கும் என்று போட்டிருந்தால் பத்தரைக்குப் போகலாம். இறுதி ஆட்டம் விடியற்காலையில் முடியும். மறுநாள் காலை வகுப்பு எடுக்க வேண்டியவர்கள் கால் இறுதியோடு கிளம்பிவிடுவது நல்லது.

கபடி ஆடியதே இல்லை. சேர்த்துக்கொள்வார்களா?

பயிற்சி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். போட்டிக்கு அழைத்துப் போக மாட்டார்கள், எதிர்பார்க்கவும் வேண்டாம்.

டிவியில் பார்த்ததை வைத்துக்கொண்டு இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழு பேர். ஆண்களுக்குக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12 க்கு 8. ஒருவர் எதிரணிக் களத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் ரெய்டு. அதற்கு 30 வினாடி, மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று பாட வேண்டும். எதிரணி மொத்தமும் அவுட்டானால் கூடுதலாக 2 புள்ளி, அதற்கு லோனா என்று பேர். இதெல்லாம் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது கால். ரெய்டு வருகிறவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவன் காலைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். புதிதாக வருகிறவரை ஓரத்தில், சங்கிலிப் பிடியில் (இரண்டு பேர் கை கோத்துப் பிடிப்பது) இரண்டாவது கையாக நிறுத்துவார்கள். பக்கத்தில் இருப்பவர் பாயும்போது நீங்களும் பாய வேண்டும். அவர் பாயாதபோது நீங்கள் பாய்ந்தால் மொத்த டீமும் திட்டும். அந்தத் திட்டு விழுந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள். விருந்தாளியை யாரும் திட்ட மாட்டார்கள்.

மேட் எல்லாம் கிடையாது. செம்மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்த களம். எவ்வளவு பொறுக்கினாலும் ஒரு சரளைக்கல் உங்கள் முட்டிக்கென்று மிச்சம் இருக்கும். வருவதற்கு முன்னால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள்.

நான் என் ஊரில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் வந்ததும் வேண்டாம். இதை நான் எல்லோரிடமும் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்.

தன்னார்வலராக வருகிறவருக்குப் பகல் முழுக்கக் கொடுக்கிற கை. பாடம் சொல்லிக் கொடுப்பார், மருந்து எடுத்துக் கொடுப்பார், கணக்கு எழுதிக் கொடுப்பார். மைதானத்துக்கும் விசிலைக் கட்டிக்கொண்டு போனால் நாள் முழுக்க அவர் வாத்தியாராகவே இருந்துவிடுகிறார். வாத்தியாருக்கு மரியாதை கிடைக்கும், சிநேகிதன் கிடைக்க மாட்டான். மைதானத்தில் பத்தாவது படிக்கிற பையன் உங்களுக்குக் கேப்டனாக இருக்கட்டும். "அண்ணா, நீங்க பின்னாடி போங்க" என்று அவன் சொன்னால் பின்னால் போங்கள். சில வாரம் இப்படிப் போன பிறகு அவர்களே கேட்பார்கள், உங்கள் ஊரில் என்ன ஆடுவீர்கள் என்று.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஒரு தம்பி அப்படித்தான் செய்தார். ஆரம்பத்தில் வாய் திறக்காமல் வாலிபாலில் பந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் பந்து வெளியே போகும்போது காலால் தலைக்கு மேல் தூக்கி உள்ளே அனுப்பினார். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து காலால் ஆடும் வாலிபால் மாதிரியான செபாக் தக்ரா. பக்கத்துக்கு மூன்று பேர் போதும், கை படக் கூடாது, களம் பேட்மிண்டன் இரட்டையர் களத்தின் அளவுதான், வலையும் ஏறக்குறைய அதே உயரம். ஷட்டில் கோர்ட் கோடு போட்ட இடத்திலேயே ஆடிவிடலாம். பிரம்புப் பந்து கிடைக்காது, அவர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பந்து வரவழைத்தார். அவர் போன பிறகும் அங்கே சில பையன்கள் காலால் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் முழுக்க மாறிவிட்டது, தலையைவிட நெஞ்சுதான் அதிகம் வேலை செய்கிறது.

நான் பெண். மைதானத்துக்குப் போக முடியுமா?

நேரமும் இடமும் பார்த்துப் போக வேண்டும். பூசி மெழுகாமல் சொன்னால், மாலை மைதானம் ஆண்களின் இடம். பள்ளி மாணவிகள் கபடியிலும் கைப்பந்திலும் நன்றாக ஆடுகிறார்கள், போட்டிகளுக்கும் போகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். கல்யாணமான பெண் பந்தைத் தொட்டுப் பார்ப்பது பொங்கல் விழாவில் மட்டும்தான், அதுவும் இசை நாற்காலிக்கும் கோலத்துக்கும் நடுவில்.

உள்ளே நுழைய நல்ல வழி பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியரிடம் உங்கள் அமைப்பு மூலம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியர் இருக்கும் நேரத்தில், மாணவிகளோடு த்ரோபாலோ, ரப்பர் வளையத்தை எறிந்து பிடிக்கும் ரிங் ஆட்டமோ ஆடலாம். சுடிதார் அல்லது தளர்வான டிராக் பேண்ட், டீ ஷர்ட் போதும். ஷார்ட்ஸ் போட்டால் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள். மாணவிகளின் அம்மாக்கள் மறுநாள் பிள்ளைகளை அனுப்பாமல் இருந்துவிடுவார்கள்.

மைதானம் இல்லாத பொழுதுக்கு வாசல்படி இருக்கிறது. ஆறு மணிக்கு மேல் பெண்கள் வேலை ஓய்ந்து பூக்கட்டிக்கொண்டோ கடலைக்காய் உரித்துக்கொண்டோ உட்கார்ந்திருப்பார்கள். "வா பாப்பா, உட்காரு" என்று கூப்பிட்டால் தயங்காமல் உட்காருங்கள். எத்தனை வயது, கல்யாணம் ஆகிவிட்டதா, அங்கே என்ன சம்பளம் என்று வரிசையாகக் கேட்பார்கள். கோபப்படாமல் நீங்களும் திருப்பிக் கேளுங்கள், அவர்களும் மறைக்காமல் சொல்வார்கள். தாயம் ஆடத் தெரிந்தால் இன்னும் வசதி. மதியத் தாயம் இந்தப் பக்கம் சின்ன விஷயம் அல்ல, வெட்டுப்பட்டால் இரண்டு நாள் பேசாமல் இருப்பவர்கள் உண்டு.

பஸ்ஸில் போக வர, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போனவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களுக்கு ஏழரைக்கே கடைசி.

காலையில் ஓடும் பழக்கம் உண்டு. எங்கே ஓடலாம்?

முதலில் எங்கே ஓடக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி, ஓசூரின் காட்டை ஒட்டிய கிராமங்கள், பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் சாலை: இங்கெல்லாம் விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் தனியாக ஓட வேண்டாம். யானை வரும். கதை விடுவதாக நினைக்காதீர்கள். ராகி கதிர் முற்றும் காலத்தில், மழைக்காலம் முடிந்து தை வரைக்கும், கர்நாடகக் காட்டிலிருந்து கூட்டமாக இறங்கும். அந்தப் பகுதியில்தான் 2014 இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைக்கும் அந்தச் சாலைதான் சாலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஓடினால் அது நிற்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வனத்துறையோ ஊர்க்காரர்களோ "இன்னைக்குப் போக வேண்டாம்" என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இன் ஓரமும் ஓடுவதற்கு இல்லை. தொப்பூர்க் கணவாயில் லாரிகள் இறங்கும் வேகத்தை ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

சரி, எங்கேதான் ஓடுவது? தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட விளையாட்டரங்கம் இருக்கிறது. கிராமத்தில் என்றால் போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்களைத் தேடுங்கள். எல்லா ஊரிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், அப்புறம் கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். அதற்காக அவர்கள் ஐந்து மணிக்கே ஏரிக்கரையில் இருப்பார்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டால் நாய்த்தொல்லை இல்லை, வழி தெரியும், ஊர்க்காரர்களும் "எதுக்கு இப்படி ஓடறீங்க?" என்று நிறுத்தி விசாரிக்க மாட்டார்கள். உங்கள் ஸ்மார்ட் வாட்ச் அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். அவர்கள் ஓடுவது வேலைக்கு, நீங்கள் ஓடுவது உடம்புக்கு. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் சரி. வேகமாக ஓடிக் காட்ட வேண்டியதில்லை.

நீச்சல்?

இங்கே பிள்ளைகள் நீச்சல் பழகுவது விவசாயக் கிணற்றில்தான். இடுப்பில் காலி பிளாஸ்டிக் கேனைக் கட்டி மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிடுவார். கோடையில் கிணற்றுக் குளியல் பெரிய சுகம், மறுக்கவில்லை. ஆனால் நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்குக் கிணறு வேறு சமாச்சாரம். பிடித்துக்கொள்ள ஓரம் இருக்காது, படி பாசி பிடித்திருக்கும், மோட்டார் பைப்பும் ஒயரும் உள்ளே தொங்கும். சொந்தக்காரர் கூட நிற்காமல் இறங்க வேண்டாம்.

ஒகேனக்கல்லில் குளிக்க ஒதுக்கிய இடத்தில் மட்டும் குளியுங்கள். சுழல் உண்டு, முதலை உண்டு. கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டால் பரிசலையும் குளியலையும் மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும். அந்த நாளில் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால் எண்ணெய் மசாஜும் மீன் வறுவலும்தான். அதுவே போதும் என்று சொல்பவர்களும் உண்டு, நான் அதில் ஒருவன்.

எந்த டீமில் சேர்வது என்பதில் ஏதாவது சிக்கல் உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்பவர்கள் குறைவு, அதனால் நானே கேட்டுக்கொண்டேன்.

பல கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி (தலித் மக்களின் குடியிருப்பு) ஒரு பக்கம். மைதானமும் தனி, டீமும் தனி. டீமின் பெயரிலும் ஜெர்சியின் நிறத்திலும் பிளெக்ஸில் இருக்கும் தலைவர் படத்திலும் சாதி எழுதியிருக்கும், படிக்கத் தெரிந்தவர்களுக்கு. 2012 நவம்பரில் தருமபுரிக்குப் பக்கத்தில் நாயக்கன்கொட்டாய் பகுதியில், ஒரு காதல் திருமணத்தைத் தொடர்ந்து தலித் குடியிருப்புகளில் 200 க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த ஊர்களில் அன்று சிறுவர்களாக இருந்தவர்கள்தான் இன்று மைதானத்தில் நிற்கும் வயதில் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வருகிற உங்களிடம் "நீங்க எந்த ஆளுங்க?" என்று யாராவது கேட்பார்கள். எந்தச் சாதி என்று அர்த்தம். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. "அதெல்லாம் எங்க வீட்டுல பேசறது இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகரலாம். ஒரு பக்கத்து டீமின் ஜெர்சியைப் பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். இரண்டு பக்கமும் ஆடுங்கள். காலனி மைதானத்துக்குப் போகாதே என்று வீட்டுச் சொந்தக்காரர் சொன்னால் எங்களிடம் சொல்லுங்கள். நீங்கள் போவதை நிறுத்த வேண்டாம், வேறு வீடு பார்த்துத் தருகிறோம். எல்லோரும் சேர்ந்து ஆடும் இடம் என்று பார்த்தால் அரசுப் பள்ளி மைதானம், விளையாட்டரங்கம், போலீஸ் தேர்வுக் கூட்டம் மூன்றும்தான் எனக்குத் தெரிந்தவரை கொஞ்சம் தேறும்.

திருவிழாக்களில் எதை விடக் கூடாது?

தை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா. ஜல்லிக்கட்டு மாதிரி மாட்டைத் தழுவுவது அல்ல. இரண்டு பக்கமும் தடுப்பு கட்டிய தெருவில் காளையை அவிழ்த்துவிடுவார்கள், குறித்த தூரத்தைக் குறைந்த வினாடியில் கடக்கும் காளைக்குப் பரிசு. இது மாதிரிக் காளை விழாக்களை அனுமதித்து 2017 இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு விழாக்கள் தைரியமாக நடக்கின்றன. மாடி வீட்டின் மேல் நின்று பாருங்கள். தெருவில் இறங்கி வீடியோ எடுக்க வேண்டாம். காளைக்கு நீங்கள் தன்னார்வலர் என்று தெரியாது. மிருகவதை என்று உங்களுக்குத் தோன்றினால் போகாமல் இருங்கள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. காளைக்காரர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அதை விவாதிப்பதுதான் சரிவராது.

கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழாவான பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் விடிய விடியத் தெருக்கூத்து, கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனனைக் கிடத்தி, அவன் வதத்தை நடத்திக் காட்டும் படுகளம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாட்டு புரியாது என்று நினைப்பேன். ஆனால் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் அடிக்கும் கிண்டலுக்கு அவர்கள்தான் முதலில் சிரிக்கிறார்கள். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் நிற்க இடம் இருக்காது. ஜூன் மாதத்தை ஒட்டிக் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்கும். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போய் மாம்பழத்தைப் பார்ப்பதைவிட வெளியே வாங்கித் தின்பது மேல் என்பது என் கட்சி.

பொங்கல் விளையாட்டு விழாவில் உங்களை மேடையேற்றிப் பரிசு கொடுக்கச் சொல்வார்கள், மைக்கும் வரும். இரண்டு வரி பேசிவிட்டு இறங்கிக் கயிறு இழுக்கப் போய்விடுங்கள்.

கல்யாணம், காதுகுத்து என்று பத்திரிகை வைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் போக வேண்டுமா? மொய் எவ்வளவு?

முடிந்தவரை போங்கள். போகாவிட்டால் "ஏன் வரலை?" என்று அடுத்த வாரம் மைதானத்தில் கேட்பார்கள். மொய் என்பது கடன் மாதிரி நோட்டில் ஏறும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் திருப்பி வைக்க வேண்டும். நீங்கள் ஊரைவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் பெரிய தொகை எழுதி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். கூட வருகிற சிநேகிதர் என்ன எழுதுகிறாரோ அதையே எழுதுங்கள். ஒரு ரூபாய் சேர்த்து 101, 201 என்று வைப்பதுதான் வழக்கம்.

இதே யோசனைதான் போட்டி நடத்துகிறவர்களின் நன்கொடை நோட்டுக்கும். வெளிநாட்டுக்காரர் என்றதும் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டுவார்கள். டீக்கடைக்காரர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு அதற்கு மேல் போகாதீர்கள். ஒருவர் கனடா கணக்கில் எழுதிவிட்டால், அடுத்து வருகிற தன்னார்வலர் எல்லோருக்கும் அதுதான் ரேட்.

ஜெயித்த இரவு டாஸ்மாக் மதுக்கடைப் பக்கம் கூப்பிடுவார்கள். "எனக்குப் பழக்கமில்லீங்க" என்றால் வற்புறுத்த மாட்டார்கள், உங்களுக்கு முட்டை போண்டாவோ தட்டுவடை செட்டோ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

சிநேகிதர் வீட்டில் ராத்திரி தங்கலாமா?

உங்கள் பாஸ்போர்ட் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் எங்களிடம் சொல்லாமல் தங்க வேண்டாம். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர்கள் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் கேள்வி கேட்கப்படுவது சோறு போட்ட அந்தக் குடும்பம். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருகிறவர்கள் வந்த 14 நாளுக்குள் பதிவு செய்யும் வேலையையும் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

வார விடுமுறைக்குப் பெங்களூரு ஓடிவிடலாமா?

ஓடலாம். தருமபுரியிலிருந்து ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது, ஆனால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. மற்ற தன்னார்வலர்களைப் பார்த்து, பீட்சா சாப்பிட்டு, வாய் நிறைய ஆங்கிலம் பேசிவிட்டு வருவது மனசுக்கு நல்லதுதான். ஒவ்வொரு வாரமும் போனால்தான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே முழுநாள் ஆட்டம், அன்றைக்குத்தான் நாட்டுக்கோழி, அன்றைக்குத்தான் போச்சம்பள்ளி சந்தை. ஆடு, மாடு, கோழி, கருவாடு, கயிறு, கடப்பாரை எல்லாம் ஒரே இடத்தில். ஒரு தடவையாவது காலை ஆறு மணிக்கே போய்ப் பாருங்கள்.

அடிபட்டால்?

ஆம்புலன்ஸுக்கு 108 ஐக் கூப்பிடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் வேலை செய்கிறவர்களுக்கு, மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993 இல் தொடங்கிய பழங்குடி மக்களுக்கான மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. விரல் பிசகினால் நாட்டுக்கட்டுப் போட அழைத்துப் போவார்கள். அவர்கள் மனசு நோகாமல் முதலில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இருட்டிய பிறகு கொல்லை வழியாகத் திரும்பும்போது டார்ச் இல்லாமல் நடக்கக் கூடாது, பாம்பு உண்டு.

ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடிப்பதிலும் ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டு மாவட்டத்திலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஊரில் சிலருக்குப் பல்லில் பழுப்புக்கறை இருப்பது அதனால்தான். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். போர்வெல் குழாயில் வாய் வைக்காமல், ஒகேனக்கல் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று கேட்டு அதைப் பிடித்துப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

உங்கள் கால் அளவு பத்துக்கு மேல் என்றால் ஷூ கட்டாயம் கொண்டு வாருங்கள், இங்கே அந்த அளவில் தேடி அலைய வேண்டும். முட்டிக்கு உறை ஒரு ஜோடி. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் உடைந்தால் மாற்ற இன்னொன்று. பரிசாக எதையாவது கொண்டு வர ஆசைப்பட்டால் நல்ல காற்றடிக்கும் பம்பும் அதற்கு நாலைந்து ஊசியும் போதும். எல்லா மைதானத்திலும் பந்து இருக்கிறது, ஊசி மட்டும் எப்போதும் தொலைந்துபோயிருக்கும். வலை, ஷட்டில், பேட், டென்னிஸ் பந்து எல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரிக் கடைகளிலேயே கிடைக்கும்.